கப்பெல்லாவில இருந்து லாச்சப்பலுக்கு

தங்கச்சி, இத்தாலியில பலெர்மோவில ஆறு வருசம் இருந்திட்டு இப்ப பாரிசுக்கு மாறுறன், தெரிஞ்ச இத்தாலியன் பிரெஞ்சுக்கு உதவுமா எண்டு கேட்டிருந்தீங்கள். நானும் அதே பாதையால வந்தவன்தான். வாசிக்க நல்லா உதவும். காதுக்கு, முதல் கொஞ்ச மாதம் ஒண்டுக்கும் உதவாது.

இரண்டும் லத்தீனில இருந்து வந்ததுதான். ஆனா பிரெஞ்சு சொல்லின்ர வாலை நறுக்கிப்போட்டுது. லத்தீனில தண்ணி ‘அக்வா’. அது இத்தாலியனில ‘அக்குவா’, ஸ்பானிஷில ‘அகுவா’, என்னோட வேலை செய்யிற ருமேனியப் பெடியனுக்கு ‘அப்ப’. பிரெஞ்சில வெறும் ‘ஓ’! எழுதேக்க மட்டும் மூண்டு எழுத்து.

சொல்லைப் பிடிக்க ஒரு வழி இருக்கு. இத்தாலியன் சொல் ‘க’வில தொடங்கினா, பிரெஞ்சில அனேகமா ‘ஷ’ ஆகியிருக்கும். ‘கொ’, ‘கு’ அப்பிடி மாறாது. சூட்டுக்கு அங்க ‘கால்தோ’, இஞ்ச ‘ஷோ’. குதிரை ‘கவால்லோ’, இஞ்ச ‘ஷெவால்’. சின்னத் தேவாலயத்துக்கு ‘கப்பெல்லா’ எண்டுறீங்களே, நீங்கள் முருங்கைக்காய் வாங்கப் போகப்போற, பாரிசில எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலின்ர பேரும் அதுதான். எங்கட ‘பால்’ கன்னடத்தில ‘ஹாலு’ ஆன மாதிரி, இதுவும் ஒரு ஒழுங்கோடதான் மாறியிருக்கு.

இலக்கணத்தில இத்தாலியன் எங்களுக்குச் சுகம். ‘பார்லோ’ எண்டாலே ‘கதைக்கிறன்’, தமிழ் மாதிரி விகுதியில ஆள் தெரியும். பிரெஞ்சில நான், நீ, அவை எல்லாத்துக்கும் காதில விழுறது ஒரே ‘பார்ல்’. அதால ‘ஜ’, ‘தூ’ எண்டு ஆளை முன்னுக்குச் சொல்லியே ஆகோணும். நான் கனநாள் அதை விழுங்கி விழுங்கிக் கதைச்சு, ஆருக்கும் விளங்கேல்ல.

ஒரே மாதிரி இருக்கிற சொல்லுகளை நம்பாதேங்கோ. இத்தாலியனில ‘சலீரே’ எண்டா ஏறுறது. ரெஸ்டோரண்டில வேலைக்குச் சேர்ந்த கிழமை, மேல சாமான் எடுக்கப் போறன் எண்டு சொல்ல ‘ஜ சலி’ எண்டன். முதலாளி என்ர கையைப் பாக்கிறார். பிரெஞ்சில அது ‘நான் அழுக்காக்கிறன்’! ஏறுறதுக்கு ‘மோந்தே’ எண்டு சொல்லுங்கோ.

மற்றது எண்கள். 70, 80, 90க்கு ‘செத்தாந்தா, ஒத்தாந்தா, நொவாந்தா’ எண்டு பழகின வாய்க்கு இஞ்ச கணக்குப் பாடம்தான். 70 எண்டா அறுபது-பத்து, 80 எண்டா நாலு-இருபது, 90 எண்டா நாலு-இருபது-பத்து. போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாத்தான் சொல்லுவினம். நீங்கள் 80 எண்டு எழுதி முடிய, அது 97 ஆகியிருக்கும். பென்சிலும் அழிறப்பரும் கொண்டு வாங்கோ.