ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, ஆர்த்தடாக்ஸ்... எல்லாருக்கும் ஒரே இயேசுதானே, அப்புறம் என்ன வித்தியாசம்?

எங்கள் அம்மா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட் பக்கம்). அதனால் இந்தக் கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன்.

ராத்திரி ஜெபத்தில் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று ஒன்றாகத்தான் தொடங்குவோம். தீமையிலிருந்து காப்பாற்றச் சொல்லும் வரியோடு அம்மா ஆமென் போட்டுவிட்டு 'அருள் நிறைந்த மரியே வாழ்க'வுக்குத் தாவிவிடுவார். அப்பாவோ 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று தனியாக ஓட்டிக்கொண்டிருப்பார். (பூசையிலும் அந்த வரி உண்டு, ஆனால் நடுவில் சாமியார் ஒரு ஜெபம் சொன்ன பிறகுதான் வரும்.) பெயர்கள் இன்னும் மோசம். அப்பாவுக்கு யோவான், பேதுரு, பவுல். அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அருளப்பர், இராயப்பர், சின்னப்பர். மொத்தம் ஆறு பேர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அப்பாவின் பைபிளில் 66 புத்தகம், அம்மாவுடையதில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் அப்பாவுடையதில் இருக்காது.

சண்டையின் வேர், கடைசி வார்த்தை யாருடையது என்பதுதான். வேதத்தோடு திருச்சபையின் மரபும் வேண்டும், போப் தலைவர் என்பது கத்தோலிக்கம். வேதம் மட்டுமே போதும் என்று 1517க்குப் பிறகு ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் என்ற துறவி கிளப்பியதுதான் புராட்டஸ்டன்ட் வழி. இங்கிலாந்தில் கதை வேறு: 1534இல் ராஜா எட்டாம் ஹென்றி தன்னையே சபைக்குத் தலைவராக்கிக்கொண்டார். அந்த இங்கிலாந்து சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன்களும், மெதடிஸ்ட் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவினரும், தென்னிந்திய ஐக்கிய சபையும் 1947இல் சேர்ந்ததுதான் சி.எஸ்.ஐ. அதனால்தான் அங்கே பிஷப், அங்கி எல்லாம் இருக்கிறது, வெளியாள் பார்த்தால் ஆர்.சி. கோயில் என்றே நினைப்பார்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆராதனை முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நற்கருணை அப்பத்தை (இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்துப் பகிர்வது) பாருங்கள். ஆர்.சி.யில் அது நிஜமாகவே கிறிஸ்துவின் உடல், ஆகவே பேழைக்குள் வைத்துப் பூட்டிப் பக்கத்தில் விளக்கு எரியவிடுவார்கள், கோயில் காலியாக இருந்தாலும் அம்மா அதற்கு முன்னால் முழங்கால் போடாமல் போகமாட்டார். அப்பாவின் கோயிலில் பேழையே கிடையாது. பெந்தெகொஸ்தே சபைகளில் அது பெரும்பாலும் நினைவுகூரல் மட்டும்.

பெந்தெகொஸ்தே என்றதும் என் அத்தை ஞாபகம் வருகிறது. குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று நாற்பது வயதில் தாமிரபரணியில் மறுபடி முழுகி எழுந்தார், நகையையும் கழற்றிவிட்டார். "ஒருத்திக்கு எத்தனை ஞானஸ்நானம்?" என்று அன்றைக்கு அம்மாவும் அப்பாவும் அதிசயமாக ஒரே கட்சி.

ஆர்த்தடாக்ஸ் பற்றி: ரோம் சபையும், ஆர்த்தடாக்ஸ் பக்கமான கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) சபையும் 1054இல் ஒன்றையொன்று விலக்கிவைத்தன. போப்பின் அதிகாரம் ஒரு காரணம்; பரிசுத்த ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, சுதனிடமிருந்துமா (இயேசுவிடமிருந்துமா) என்பது இன்னொன்று. ஆனால் கோட்டயம் பக்கத்து ஆர்த்தடாக்ஸ்காரர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் 451இல் பிஷப்கள் கூடிய கல்சிதோன் சங்கத்தின் தீர்ப்பை ஏற்காத மரபு, பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இவர்களிடம் கல்யாணமானவரும் குருவாகலாம், பிஷப் மட்டும் ஆக முடியாது.

செத்தவர்களுக்காக ஜெபிப்பதிலும் வழக்கு உண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று பாட்டி கல்லறையில் அம்மா ஜெபமாலை சொல்வார். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் கூடவே வந்து, காற்றில் அணையும் மெழுகுவர்த்திகளைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்.