குரிடிபாவில் கார் இல்லாமல்: கேள்வி பதில்

கேள்வி: அலுவல் காரணமாகப் பிரேசிலின் குரிடிபா நகருக்குச் செல்லவிருக்கிறேன். மெட்ரோ இல்லாத ஊரில் பேருந்தை மட்டும் நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். 1974ஆம் ஆண்டிலேயே பேருந்துக்கெனத் தனித்தடம் அமைத்த ஊர் அது. முதன்மைச் சாலைகளின் நடுவே செல்லும் அத்தடங்களில், மூன்று பெட்டிகளை இணைத்த நீண்ட சிவப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. கண்ணாடிக் குழாய் போன்ற நிலையத்துக்குள் நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுவதால், பேருந்து நின்றதும் அதன் கதவடியிலிருந்து பலகைகள் இறங்கி நிலையத் தளத்தின்மேல் படிய, படியேறும் சிரமமின்றி எல்லாக் கதவுகளிலும் மக்கள் ஏறி இறங்குகிறார்கள். முதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: பேருந்துகளின் நிறங்களுக்குப் பொருள் உண்டா?

பதில்: உண்டு. ஆரஞ்சு, குடியிருப்புகளிலிருந்து முனையத்துக்கு வருவது. பச்சை, நகர மையத்தைத் தொடாமல் பகுதிகளை இணைப்பது. வெள்ளி நிறம், குறைந்த நிறுத்தங்களில் மட்டும் நிற்பது. முனையத்துக்குள்ளேயே வண்டி மாறினால் மறுபடியும் கட்டணம் இல்லை.

கேள்வி: அம்மாவுடன் செல்கிறேன். நகர மையத்தில் நடப்பது எளிதா?

பதில்: ருவா கின்சே என்னும் கடைவீதியில் எளிது. மேயராக இருந்த கட்டடக்கலைஞர் ஜெய்மே லெர்னர், வணிகர்களின் எதிர்ப்புக்கிடையே, 1972ஆம் ஆண்டு ஒரு வார இறுதியில் வேலையைத் தொடங்கி அதை நடப்போருக்கான வீதியாக்கினார். பிற்பாடு வணிகர்களே அதனை விரும்பினர். ஆனால் மையத்தின் நடைபாதைகள் பலவும் கறுப்பு வெள்ளைச் சிறுகற்கள் பதித்தவை. அவ்வூர்ப் பைன் மரத்தின் கொட்டைகளைக் கற்களாலேயே வரைந்திருக்கும் அழகை நின்று பார்க்கலாம். மழை பெய்தால் அதே கற்கள் வழுக்கும். அம்மாவுக்குப் பிடிமானமுள்ள காலணி அவசியம். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான ஊர் என்பதால், அங்கு குளிர்காலமான ஜூன், ஜூலையில் கம்பளி உடையும் வேண்டும்.

கேள்வி: தினமும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்ல முடியுமா?

பதில்: வழியைப் பொறுத்தது. பழைய மிதிவண்டிப் பாதைகள் பூங்காக்களை இணைக்கவே போடப்பட்டவை. ஆற்றோரமாகவும் ரயில் பாதையோரமாகவும் வளைந்து செல்வதால், உலாவுவதற்கு உகந்த அளவுக்கு அலுவலகம் செல்ல உகந்தவையல்ல. செச்சே தி செட்டெம்ப்ரோ சாலையில் 2014ஆம் ஆண்டு முதல் கார்களுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பு விதித்து, ஓரத்தில் மிதிவண்டிக்கு இடம் குறித்திருக்கிறார்கள், அதையே தேர்ந்தெடுங்கள். நெரிசலுக்கு அஞ்சிச் சிலர் பேருந்துத் தடத்தில் ஓட்டுவதைப் பார்ப்பீர்கள். அந்த நீண்ட பேருந்து விரைந்து வரும்போது ஒதுங்க இடமிராது. தயவுசெய்து அதில் இறங்காதீர்கள்.