‘உரசிச்சா, முட்டிச்சா?’: விசாரணை உளவியல் கேள்வி-பதில்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு வேன் பைக்கை இடித்ததைப் பார்த்தேன். முதல் தடவை சொன்னதற்கும் அடுத்த தடவை சொன்னதற்கும் வித்தியாசம் வந்துவிட்டது. ‘பொய் சாட்சி’ என்று ஏட்டு முறைக்கிறார். (ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி)

பொய்யாக இருக்கவேண்டும் என்றில்லை. ஞாபகம் பெட்டியில் பூட்டிய பத்திரம் அல்ல. கேட்கிற கேள்வியே அதில் கை வைக்கும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் போட்டுக் காட்டி, ‘இடித்தபோது என்ன வேகம்?’ என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?’ என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?’ என்று கேள்வி. ‘இடித்த’ கூட்டத்தில் 50 பேரில் 7 பேர் ஆமாம் என்றார்கள். ‘நொறுங்கிய’ கூட்டத்தில் 50-க்கு 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை! உங்களிடம் முதலில் கேட்டவர் ‘உரசிச்சா’ என்றாரா, ‘முட்டித் தள்ளிச்சா’ என்றாரா? அதையும் யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் எப்படித்தான் கேட்பது? (நாகர்கோவிலில் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிப்பவர்)

கேட்பதைக் குறைத்து. 1980-களில் ஃபிஷர், கைசல்மன் என்ற உளவியலாளர்கள் உருவாக்கிய முறையில், சாட்சியை முதலில் அந்த இடத்துக்கே மனதால் திரும்பப் போகச் சொல்வார்கள்: வெயிலா மழையா, என்ன சத்தம், என்ன வாசனை. அப்புறம் அற்பமானதையும் விடாமல் அவரே சொல்ல வேண்டும். நடுவில் குறுக்கிடக் கூடாது. நான் எடுக்கும் வகுப்பில் பயிற்சிக்கு வந்த ஒருவரிடம், காலையில் சாயாக் கடையில் பக்கத்தில் நின்றவர் யார் என்று கேட்டேன். “கவனிக்கல சார்.” கண்ணை மூடி, கடை வாசனையைச் சொல்லச் சொன்னேன். பழம்பொரி என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். “நீலச் சட்டை. கையில ஹெல்மெட்.” அந்தச் சும்மா இருப்பதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம்; ‘ம், சீக்கிரம் சொல்லு’ என்று வாயில் வந்துவிடும்.

கண்ணைப் பார்க்காமல் பேசினால் பொய்தானே?

இல்லை. பெரியவர்கள் முன் தலை குனிந்து பேசி வளர்ந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வில், முகத்தையும் பேச்சையும் வைத்துப் பொய் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

அப்பாவுக்கு 67 வயது. சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். போகணுமா? (குளச்சல்)

அவருக்கே விருப்பம் இருந்தால் போகலாம். கட்டாயம் இல்லை. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி 60 வயது தாண்டிய ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஞாபகமும் நன்றாக வரும்.

நார்கோ டெஸ்ட் எடுத்தால் உண்மை வந்துவிடாதா?

வராது. அந்தச் சோதனையில் உடம்பில் ஏற்றுகிற மயக்க மருந்து நாக்கைத் தளர்த்தும், அவ்வளவுதான். கற்பனையும் சேர்ந்தே வரும். சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.