தொழுநோய் மாத்திரையும் பத்தியமும்

கேள்வி: அப்பாவுக்குத் தொழுநோய். 12 மாதக் கூட்டு மருந்து என்றார்கள். மூன்று மாதம் ஆகிறது. உடம்பு கறுத்துவிட்டது, எப்போதும் அசதி. மீன், முட்டையை விட்டுவிட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பொடி சாப்பிடட்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. பொடியையும் வாங்காதீர்கள்.

தொழுநோய் கிருமியால் வருவது. மீன் சாப்பிட்டு வந்ததும் இல்லை, மீனை விட்டால் போகப்போவதும் இல்லை. காலில் புண் இருந்தால் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். பத்தியம் சொல்கிறவர்கள் முதலில் பிடுங்குவது அதைத்தான்.

கறுப்புக்குக் காரணம் கூட்டு மருந்தில் உள்ள கிளோஃபாசிமின். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மெல்லக் குறையும். மாதாமாதம் தரும் மாத்திரை அட்டையின் முதல் நாள் மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருப்பதால் அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் போகிறது என்று பயந்து மருந்தையே விட்டவர்கள் உண்டு. அட்டையை நீட்டும்போது இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடம் கிடைக்காததால்தான் பொடிக்காரருக்குக் கூட்டம் சேர்கிறது.

அசதியை மட்டும் லேசாக விடாதீர்கள். தினமும் போடும் டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து தொடங்கும்போதே பார்த்திருக்க வேண்டியது, கேட்டால்தான் பார்க்கிறார்கள். சிவப்பணு உடைவதால் வரும் சோகைக்கு நீங்களாக இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. மூச்சு வாங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, காய்ச்சலோடு தோல் தடித்து உரிந்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டிய நேரம் ஒன்று உண்டு. சிகிச்சையின் நடுவிலோ, முடிந்த பிறகோகூட, தோலில் உள்ள படைகள் திடீரென்று சிவந்து வீங்கலாம். நரம்பு வலிக்கலாம், கை பலம் குறையலாம். இது மருந்து தோற்றதன் அடையாளம் அல்ல. கிருமிக்கு எதிராக உடம்பு கொந்தளிப்பது. நரம்பைக் காப்பாற்ற பிரெட்னிசலோன் என்ற, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் பல வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். அதைச் சாப்பிடும் காலம் முழுக்க உப்பையும் இனிப்பையும் குறைக்க வேண்டும், சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். அப்போதும் முட்டைக்குத் தடையில்லை. ஸ்டீராய்டு முடிந்தால் இந்தக் கட்டுப்பாடும் முடிந்தது. இதை யாரோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, தொழுநோய்க்கே பத்தியம் என்று பரப்பிவிடுகிறார்கள்.

பொடிக்கு வருகிறேன். பெயர் ஒட்டாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. வீக்கம் இரண்டு நாளில் வடியும், ‘பொடி கேட்டது’ என்று மாத்திரையைத் தூரப் போடுவார்கள். கிருமி உள்ளேயே இருக்கும், நரம்பு போய்க்கொண்டிருக்கும். முற்றிலும் போன உணர்ச்சியைத் திருப்பித் தர எங்களிடம் மருந்து இல்லை.

ஏற்கெனவே கொடுத்திருந்தால், டப்பாவோடு மருத்துவரிடம் போய் எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நாள்கணக்கில் உள்ளே போன ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.