வெளித்தளத்தில் ஆடும் கற்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து வந்துள்ள கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே குறையைச் சொல்கின்றன: புதிதாகப் போட்ட தளம், ஆடுகின்ற கல். ஒரே பதிலில் அடங்கக்கூடிய கடிதங்களைச் சேர்த்துவிட்டேன்.

சிராங்கூன் வாசகர்: தரை வீட்டின் பின்புறத்தில் 600 மில்லிமீட்டர் சதுரப் போர்சலின் கற்களைப் பதித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓரத்திலுள்ள ஆறு கற்கள் மிதித்தால் ஆடுகின்றன. அடியிலுள்ள கலவை நன்றாக இறுகித்தான் இருக்கிறது. கல் மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

ஒரு கல்லைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது கடையிலிருந்து வந்ததுபோல் சுத்தமாக இருந்தால், கல்லின் அடியில் பிணைப்புப் பூச்சு தடவாமலேயே வைத்திருக்கிறார்கள் என்று பொருள். போர்சலின் தன் எடையில் அரை விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சாது என்பதால், வெறும் சிமென்ட் கலவை அதைக் கவ்விக்கொள்ள வழியில்லை. ஆடும் கற்களைப் பெயர்த்து, பழைய கலவையை 30 முதல் 40 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கி எடுத்துவிட்டு, புதுக் கலவையை முழுப் பரப்பிலும் விரித்து, கல்லின் அடிப்பக்கம் முழுவதும் பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சைத் தடவி, அது காய்வதற்குள் பதிக்க வேண்டும். நம் சிங்கப்பூர் வெயிலில் அந்தப் பூச்சு சில நிமிடங்களிலேயே தோல் கட்டிவிடும். ஆகவே காலையில் அல்லது நிழலில் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பதிக்கச் சொல்லுங்கள். ஆறு கற்கள் ஆடுகின்றன என்றால் மற்றவற்றையும் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவசியம். பொள்ளென்று ஒலிப்பவை அடுத்து ஆடப் போகிறவை.

ஊர் குறிப்பிடாத வாசகர்: எங்கள் வீட்டுத் தளத்தில் கற்கள் ஆடுகின்றன. என்ன செய்யலாம்?

எந்தக் கல், எத்தனை கனம், அடியில் கான்கிரீட்டா மணலா, போட்டு எத்தனை நாளாயிற்று, ஓரத்தில் ஆடுகிறதா நடுவிலா? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் கேட்டால் நான் ஊகித்துத்தான் எழுத வேண்டும், அந்த ஊகத்தை நம்பி நீங்கள் தளத்தை உடைப்பீர்கள். ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

பிடோக் வாசகர்: எங்கள் கிரானைட் தளத்தில் ஒரு கல்லைப் பெயர்த்தபோது, அடியில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மட்டுமே கலவை இருந்தது. குத்தகையாளர் இதுவே வழக்கமான முறை என்றும், சந்துகளின் வழியாகப் பசையைச் செலுத்தினால் போதும் என்றும் கூறுகிறார். ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த ஐந்து உருண்டை வேலையைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் அது நின்றபாடில்லை. கைப்பிடிக் கலவையை ஐந்து இடங்களில் வைத்து, மேலே கல்லைப் போட்டு, நான்கு தட்டுத் தட்டினால் ரசமட்டம் உடனே சரியாகக் காட்டும்; கலவையும் மிச்சம், நேரமும் மிச்சம். வேலை முடிந்த அன்று எடுக்கும் படத்தில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் கல்லின் பாதிக்குமேல் அந்தரத்தில் நிற்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் அந்தப் பொந்துக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்காது. இறங்கிய தண்ணீர் உருண்டைகளின் விளிம்பை அரிக்கிறது. கனமான பூந்தொட்டியின் ஒரு கால் உருண்டை இல்லாத இடத்தில் அழுந்தினால் கல்லின் மூலை விரிசல் விடுகிறது. ஓர் உருண்டை தளர்ந்ததும் கல் ஊஞ்சலாடத் தொடங்குகிறது. மழை விட்டுத் தளம் காயும்போது உற்றுப் பாருங்கள். உங்களுடையது இயற்கைக் கல் என்பதால், உருண்டைகள் இருக்கும் ஐந்து இடங்களும் சுற்றியுள்ள பகுதியிலிருந்து வேறு நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியக்கூடும். அந்தக் கறை பல நேரங்களில் நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது.

பசையைச் செலுத்துவது இதற்கு மருந்தன்று. பசை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எவராலும் பார்க்க முடியாது. ஈரமும் தூசும் படிந்த அடிப்பக்கத்தில் அது ஒட்டவும் ஒட்டாது. தளம் முழுவதையும் பெயர்த்து முழுப் படுக்கையில் மீண்டும் பதிப்பதே தீர்வு, அந்தச் செலவு குத்தகையாளருடையது. இனித் தளம் போடவிருக்கும் மற்றவர்களுக்கு: விலைப்பட்டியலிலேயே ‘முழுக் கலவைப் படுக்கை’ என்று எழுதி வாங்குங்கள். வேலை நடக்கும்போதே, அப்போது பதித்த கல் ஒன்றை உங்கள் கண்முன் தூக்கச் சொல்லுங்கள். வெளித்தளமாயின் அடிப்பக்கத்தில் 100-க்கு 95 பங்கு கலவை ஒட்டியிருக்க வேண்டும். தூக்கிப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

பொங்கோல் வாசகர்: கல் பதித்த மறுநாளே மேசை நாற்காலிகளைப் போடலாமா?

கூடாது. மெதுவாக நடப்பதற்கே 2 நாள், மேசை நாற்காலிக்கு ஒரு வாரம், பெரிய தொட்டிகளுக்கு 28 நாள்.

ஈசூன் வாசகர்: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் பொதுத் தாழ்வாரத்தில், எங்கள் வாசலுக்கு நேரே ஓர் ஓடு ஆடுகிறது. நானே ஒட்டிவிடலாமா?

பொதுத் தாழ்வாரத்தைப் பராமரிப்பது நகர மன்றத்தின் பொறுப்பு. தெரிவியுங்கள், தொடாதீர்கள்.

புக்கிட் தீமா வாசகர்: கூட்டுரிமை வீட்டின் மேல்மாடித் திறந்த தளத்தில், பிளாஸ்டிக் தாங்கிகளின் மேல் வைத்த கற்கள் ஆடுகின்றன. சிமென்ட் போட்டு இறுக்கலாமா?

சிமென்ட் வேண்டவே வேண்டாம். தாங்கியின் உயரத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள், அல்லது அதற்கென்றே விற்கும் மெல்லிய தகட்டைச் செருகுங்கள். கற்களுக்கு அடியில் நீர்த்தடுப்புப் படலம் இருக்கிறது. அதில் ஒரு துளை விழுந்தாலும் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும்.

தெம்பனிஸ் வாசகர்: ஒரு கல் சற்று அமிழ்ந்து மழைநீர் தேங்குகிறது. வேறு தொந்தரவு இல்லை. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. 20 காசு நாணய அளவு தேங்கிய நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். கல்லைத் தூக்கி, கலவையை உயர்த்தி, 80-க்கு 1 என்ற வாட்டம் (80 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் சரிவு) கிடைக்கும்படி பதியுங்கள். வாட்டம் வீட்டுச் சுவரை நோக்கி அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பவாங் வாசகர்: பணம் முழுவதையும் கொடுத்துவிட்டேன். குத்தகையாளர் தொலைபேசியை எடுப்பதில்லை.

தூக்கிப் பார்க்காமல் கொடுத்திருக்கிறீர்கள். இப்போதாவது ஒவ்வொரு கல்லையும் தட்டி, ஆடுபவற்றில் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டுப் படமெடுங்கள். எழுத்து மூலமாகக் கெடு வையுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்திலும் மனுச் செய்யலாம். அங்கே 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும் என்பதால் காத்திருந்து பயனில்லை. படமெடுப்பதற்கு முன்னால் எதையும் பழுதுபார்த்துவிடாதீர்கள்.

காத்தோங் வாசகர்: மணலில் பதித்த சிறு கற்களின் சந்துகளில் எறும்புகள் மணலைக் குவிக்கின்றன, சில கற்கள் ஆடுகின்றன. மருந்து அடித்தும் பயனில்லை.

எறும்பு வெளியே கொண்டுவருவது உங்கள் படுக்கை மணலைத்தான். ஆனால் சந்தில் மணல் நிரம்பி இறுகியிருந்தால் அது அங்கே அவ்வளவு எளிதில் குடியேறியிருக்காது. முதலில் தளத்தின் ஓரத்தைப் பாருங்கள். கான்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் கற்கள் வெளிப்பக்கம் நகரும், சந்துகள் அகலும், மணல் கழுவிப் போகும். ஆடும் கற்களை எடுத்து, மணலை மட்டப்படுத்தித் திரும்பப் பதித்து, விளிம்பைக் கட்டிய பிறகு, நன்றாகக் காய்ந்த மெல்லிய மணலை இரண்டு மூன்று முறை பெருக்கி உள்ளே இறக்குங்கள். ஈர மணல் சந்தின் வாயிலேயே நின்றுவிடும், ஆகவே மழை இல்லாத இரண்டு நாள்களாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள். அதன்பின் ஆறு மாதத்துக்கு அந்தத் தளத்தில் உயரழுத்த நீர்பீய்ச்சியைப் பயன்படுத்தாதீர்கள்.