607001607001 பகா எண்ணா?

வணக்கம். கடலூர் பின்கோடு 607001-ஐ அடுத்தடுத்து இருமுறை எழுதி, 97 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தீர்கள். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. எனவே 607001607001 பகா எண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அடுத்த பகா எண்ணான 101-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு 6009916901, மீதி பூஜ்யம். கரைக்குப் பக்கத்தில் வந்து துடுப்பை வைத்துவிட்டீர்கள்!

உண்மையில் வகுக்கவே தேவையில்லை. ஆறு இலக்க எண் எதையும் இருமுறை எழுதுவது, அதைப் பத்து லட்சத்து ஒன்றால் பெருக்குவதுதான். 1000001 = 101 × 9901. ஆகவே இப்படி எழுதும் எந்த எண்ணும் பகா எண் ஆகாது.

ஆனாலும் உங்கள் உழைப்பு வீண் இல்லை. 9901-இன் வர்க்கமூலம் 100-க்குச் சற்றே குறைவு. அதற்கு வேறு காரணி இருந்தால், 97-க்குள் ஒரு பகா எண் அதை வகுக்கும்; 9901-ஐ வகுப்பது நீங்கள் வகுத்த முழு எண்ணையும் வகுக்கும் என்பதால், உங்களிடம் சிக்கியிருக்க வேண்டும். சிக்கவில்லை. ஆக, 9901 பகா எண் என்பதை நீங்களே நிறுவிவிட்டீர்கள்.

மிஞ்சுவது 607001. அதன் வர்க்கமூலம் 779 சொச்சம். அதுவரை வகுத்துப் பார்த்தேன், எதுவும் வகுக்கவில்லை. முழு விடை: 101 × 9901 × 607001.

ஒன்று மட்டும்: முழு எண்ணையும் வகுத்தே தீர்மானிப்பதென்றால் 97 போதாது, 7,79,103 வரை போக வேண்டும். புதுச்சேரியின் 605001-ஐ எடுத்திருந்தால் இத்தனை பாடு இல்லை. இலக்கக் கூட்டல் 12, மூன்றிலேயே விழுந்திருக்கும்.