புரோபயோட்டிக் கப்சியூல்: எடை குறையுமா, காசு குறையுமா?

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் புரோபயோட்டிக், அதாவது குடலுக்கு நல்லதென்று விழுங்கும் உயிருள்ள பற்றீரியா, 30 கப்சியூல் உள்ள போத்தல் பார்த்தேன். 50 பில்லியன் பற்றீரியா, எடைக் கட்டுப்பாட்டுக்கு உகந்தது என்று போட்டிருக்கிறது. மூன்று மாதம் போட்டால் எத்தனை கிலோ குறையும்?

அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. 15 ஆய்வுகளை, மொத்தம் 957 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டு 2018இல் வெளியான முடிவு இது: 3 முதல் 12 வாரம் வரை புரோபயோட்டிக் எடுத்தவர்கள், வெறும் கப்சியூல் எடுத்தவர்களைவிடச் சராசரியாக 0.6 கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். காலையில் கக்கூசுக்குப் போக முன்னும் பின்னும் தராசில் ஏறினாலே அவ்வளவு வித்தியாசம் வரும்.

ஆசை கிளம்பிய இடம் எலிக்கூடு. குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குப் பருத்த எலியின் குடல் பற்றீரியாவை ஏற்றியபோது, மெலிந்த எலியினுடையதை ஏற்றியவற்றைவிட அவற்றில் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது என்று 2006இல் காட்டினார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த எலியின் குடல் வெறும் வளவு, யார் வந்தாலும் குடியேறலாம். உங்கள் குடலிலோ கோடானுகோடி பழைய குடியிருப்பாளர்கள். கப்சியூலில் வருபவர் பெரும்பாலும் சில நாள் தங்கிவிட்டு வெளியேறும் விருந்தாளி.

மனிதரில் ஓரளவு பலன் காட்டியது, 2010இல் ஜப்பானில் சோதித்த லக்டோபசிலஸ் கசெரி எஸ்பிடி2055 என்ற வகை. அதைச் சேர்த்துப் புளிக்க வைத்த பாலை 12 வாரம் குடித்தவர்களுக்கு வயிற்று உட்கொழுப்பு 4.6 சதவீதமும் உடல் எடை 1.4 சதவீதமும் குறைந்தன. 75 கிலோ ஆளுக்கு அது ஒரு கிலோ. குடிப்பதை நிறுத்தினால் பலனும் தேய்ந்துவிடும் என்பதை அதே வகையை வைத்துச் செய்த அடுத்த ஆய்வு காட்டியது.

இனி போத்தலைத் திருப்பிப் பாருங்கள். அந்த 50 பில்லியன் ஒரு கப்சியூலுக்கா, ஒரு வேளை அளவுக்கா? 'ஒரு வேளை = 2 கப்சியூல்' என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தால் 30 கப்சியூல் 15 நாளில் தீரும். மூன்று மாதத்துக்கு ஆறு போத்தல் வேண்டும். விலையை ஆறால் பெருக்கிவிட்டு முடிவெடுங்கள்.

லேபலில் வேறு என்ன பார்க்க வேண்டும்? எல்லாப் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறது.

பெயர் மூன்று துண்டாக இருக்க வேண்டும். லக்டோபசிலஸ் என்பது பேரினம், ரம்னோசஸ் என்பது அதற்குள் ஓர் இனம், ஜீஜீ என்பது அந்த இனத்துக்குள் குறிப்பிட்ட வகை. ஆய்வு நடப்பது மூன்றாவது துண்டுக்குத்தான். அது இல்லாத போத்தலுக்கு எந்த ஆய்வும் சாட்சி சொல்லாது. 'தம்புள்ளையிலிருந்து வந்த ஒருவர்' என்று சொல்லி ஆளைத் தேடுகிற மாதிரி. 2020இல் லக்டோபசிலஸ் பேரினத்தைப் பிரித்துப் பல பெயர் வைத்தார்கள். அதனால் ரம்னோசஸ் இப்போது சில போத்தல்களில் லக்டிகேசீபசிலஸ் ரம்னோசஸ் என்று வரும். பழசும் புதுசும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

பத்து வகையின் பெயரைப் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மொத்த எண்ணிக்கை தருகிற 'பிளென்ட்' வாங்காதீர்கள். எது எவ்வளவு என்றே தெரியாது.

அடுத்தது எண்ணிக்கை எப்போதைய கணக்கு என்பது. 'அட் த டைம் ஒஃப் மனுபக்சர்' என்றிருந்தால் தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்ட அன்று இருந்த கணக்கு. உங்களுக்கு வேண்டியது காலாவதித் திகதி வரை இருக்கும் என்று உறுதி தருகிற கணக்கு.

ஒன்லைனில் வாங்கினால் மலிவு. கூரியரில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் பழுதாகாதா?

ஆகும். உலர்த்திய பற்றீரியாவுக்குச் சூடு ஒரு எதிரி, ஈரம் அதைவிடப் பெரிய எதிரி. கொழும்பில் இரண்டும் தாராளம். தினமும் திறந்து மூடும் போத்தலைவிட, ஒவ்வொரு கப்சியூலையும் தனித்தனியே அடைத்த அலுமினியத் தாள் அட்டை நல்லது. போத்தல்தான் என்றால் உள்ளேயுள்ள ஈரம் உறிஞ்சும் பையை எறியாதீர்கள், அடுப்புக்கு மேல் தட்டில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் வகையை (2 முதல் 8 பாகை) கூரியரில் எடுக்கவே வேண்டாம். பசிலஸ் கோஅகுலன்ஸ் போன்று, கடின உறைக்குள் உறங்கும் வித்து உருவில் இருப்பவை மட்டும் சூட்டைத் தாங்கும்.

கப்சியூலைப் பாலில் போட்டு உறைகிறதா என்று பார்க்கும் வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள். உயிரோடிருந்தும் பாலை உறைய வைக்காத வகைகள் பல. சுடுபாலில் பிரித்துக் கொட்டினால் உயிரோடிருந்ததும் செத்துவிடும்.

சட்டித் தயிரே போதாதா?

தயிரில் உயிருள்ள பற்றீரியா உண்டு, பால் செமிக்காதவர்களுக்கு அது உதவும். எடை குறைக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எருமைத் தயிரில் கொழுப்பு நிறைய, அதன் மேல் ஊற்றும் கித்துள் பாணி ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 60 கலோரி. தோசை மாவும் புளித்ததுதான், ஆனால் கல்லில் வார்த்ததும் பற்றீரியாவின் கதை முடிந்தது.

குடலில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குச் சாப்பாடு போடுவது மலிவு. ஒரு கோப்பை அவித்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 12 கிராம் நார் இருக்கிறது. ஒரு நாளைக்கு வேண்டியது 25 முதல் 30 கிராம். முதல் வாரம் அரைக் கோப்பைக்கு மேல் போகாதீர்கள், வயிறு ஊதும். நாளுக்கு ஐந்து பிளேன்டீயில் இரண்டிரண்டு தேக்கரண்டி சீனி போடுபவர் அதை நிறுத்தினாலே 160 முதல் 200 கலோரி மிச்சம். எந்தக் கப்சியூலும் அந்தக் கணக்கைத் தொடாது.

பேஸ்புக்கில் 'ஸ்லிம் புரோபயோட்டிக்' வாங்கினேன். பத்து நாளில் 3 கிலோ குறைந்தது! பசியே இல்லை. ஆனால் இரவில் நித்திரை வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது.

இன்றே நிறுத்துங்கள். பற்றீரியா பசியை அடியோடு அணைக்காது, நித்திரையைக் கெடுக்காது, நெஞ்சைப் படபடக்க வைக்காது. இவை சிபுட்ரமின் என்ற மருந்து செய்கிற வேலைகள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் பல நாடுகள் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன. ஆனாலும் லேபலில் சொல்லாமல் மெலிவு மருந்துகளில் கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. நாளுக்கு நாலு தரம் வயிறு போய்த்தான் எடை இறங்கியது என்றால் சென்னா போன்ற பேதி மருந்தாக இருக்கலாம். அப்போது இறங்கியது கொழுப்பு இல்லை, தண்ணீர்.

பெட்டியையும் மிச்சக் கப்சியூலையும் எறியாமல் டொக்டரிடம் கொண்டுபோய் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் பாருங்கள். நெஞ்சு நோவோ மயக்கமோ வந்தால் நேரே ஆஸ்பத்திரி. மருந்து கலந்த சந்தேகத்தைத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அறிவியுங்கள்.

அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. வயிற்றுக்கு நல்லதென்று கொடுக்கலாமா?

புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும், நரம்பில் குழாய் ஏற்றியிருப்பவருக்கும் இந்தக் கிருமி இரத்தத்தில் கலந்த சம்பவங்கள் உண்டு. குறை மாதக் குழந்தைக்கும் இதே பேச்சு.

காலாவதித் திகதிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அது இருக்கிறபடியே படம் எடுத்து, பில்லோடு வையுங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் தரவில்லை என்றால் இப்போதே போய்க் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை.